சக்கரம் வைத்த இன்வெர்ட்டர்: ஹூண்டாய் அயோனிக் 5, மூன்று வருடத்துக்குப் பிறகு

இந்த மின்காரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது எத்தனை நொடியில் எந்த வேகத்தைத் தொடுகிறது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது வேண்டாத கணக்கு. நான் இருப்பது கலிபோர்னியாவில், சான்டா குரூஸ் மலையில், ஃபெல்டன் பக்கம். வீட்டைச் சுற்றி ரெட்வுட் மரங்கள். மழை பெய்தால் ஒரு கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகும். கோடையிலும் அக்டோபரிலும், காற்று அடிக்கப் போகிறது என்று தெரிந்தாலே மின் நிறுவனம் முன்கூட்டியே நிறுத்திவிடும். 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் செத்தார்களே, அந்தத் தீ ஒரு மின்கம்பியிலிருந்து கிளம்பியது. அதற்குப் பிறகு பரவலான வழக்கம் இது. குறை சொல்ல முடியாது. ஆனால் ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவு புளித்துப் போவதும் உண்மைதான்.

அப்படிப்பட்ட இடத்தில் மின்காரை நம்பி இருக்கலாமா என்று அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் பழைய கதை. 2020 ஆகஸ்டில் என்னிடம் வேறு ஒரு மின்கார் இருந்தது. சின்ன பேட்டரி, முழு சார்ஜில் 84 மைல். வீட்டில் சாதாரண 120 வோல்ட் பிளக்கில்தான் சார்ஜ் போடுவேன். ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து மைல் ஏறும். அந்த வாரம் பயங்கர வெயில். மாநிலத்தில் மின்சாரம் பற்றவில்லை, மத்தியானம் 3 மணியிலிருந்து இரவு 10 வரை காரைச் சார்ஜ் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நல்ல பிள்ளையாக நானும் போடவில்லை. ஆகஸ்ட் 16 விடியற்காலையில் மழையே இல்லாமல் இடி, மின்னல். அதில் பிடித்த தீ மூன்று நான்கு நாளில் பிக் பேசின் பூங்காவைத் தின்றுவிட்டு எங்கள் பக்கம் இறங்கியது. வெளியேறச் சொல்லி ஃபோன் அலறியபோது காரில் 38 சதவீதம்.

மனைவி குழந்தைகளோடு பெட்ரோல் வேனில் முன்னால் போனாள். நான் பின்னால். கண்ணாடியில் திருநீறு தூவியது மாதிரி சாம்பல். வைப்பரைப் போட்டால் அப்பிக்கொள்கிறது. திரையில் 32 மைல் என்று காட்டியது. நெடுஞ்சாலை 17 இல் ஏற்றம் ஆரம்பித்ததும் எண் மளமளவென்று இறங்கி, உச்சிக்குப் போனபோது 11. ஏசியை அணைத்துவிட்டேன், ஜன்னலைத் திறக்கவும் முடியாது, வெளியே புகை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது உண்டாகிற மின்சாரம் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்ப ஏறி, லாஸ் கேடோஸ் வந்தபோது 15 ஆனது. அங்கே ஒரு கடைவீதி வாகன நிறுத்தத்தில் பொது சார்ஜர் நான்கு. ஆப் நான்கும் காலி என்றது. நேரில் பார்த்தால் இரண்டில் திரையே வரவில்லை, மற்ற இரண்டுக்கும் ஐந்து கார் வரிசை. நிறுவனத்தைக் கூப்பிட்டால் இருபது நிமிடம் பாட்டு போட்டார்கள், பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். விட்டுவிட்டுச் சன்னிவேலில் நண்பர் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். பதினொரு மைல். அவர் கராஜ் பிளக்கில் வயரைச் சொருகின பிறகுதான் மூச்சு வந்தது. எங்கள் வீடு தப்பித்தது. அந்தத் தீயில் கிட்டத்தட்ட 1,490 கட்டிடங்கள் போயின.

மின்கார் வேண்டவே வேண்டாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் தப்பு என்மேல்தான். சின்ன பேட்டரி, நத்தை வேகச் சார்ஜ், பாதிக்கும் கீழே விட்டு வைத்தது. 2022 இல் அயோனிக் 5 வாங்கினபோது முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 240 வோல்ட் லைன் போட்டேன். சாயங்காலம் சொருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். பேட்டரி 77.4 யூனிட். பின்சக்கர மாடலுக்கு அரசாங்கக் கணக்கில் 303 மைல். தினமும் 80 சதவீதம், காற்று எச்சரிக்கை வந்தால் 100.

இந்தக் காரை நான் வாங்கியதே அதற்குள்ளிருந்து கரண்ட் எடுக்கலாம் என்பதற்காகத்தான். சார்ஜ் போடும் வாயில் ஒரு அடாப்டரைச் சொருகினால் சாதாரண பிளக் பாயின்ட் கிடைக்கும். அடாப்டரை நான் தனியாக வாங்கினேன். அமெரிக்க மாடலில் 1.9 கிலோவாட் வரை தரும்.

சோதனை வந்தது 2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. புயல். மதியம் போன கரண்ட் நாலு நாள் வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம். காரில் 88 சதவீதம். ஃப்ரிட்ஜ், வைஃபை, இரண்டு விளக்கு, ஃபோன்கள், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் ஒரு தடிமனான எக்ஸ்டென்ஷன் வயரில் கோர்த்துக் கராஜ் கதவுக்கடியில் இழுத்தேன். அம்மா குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

“காருக்குத்தான கண்ணு கரண்டு போடுவாங்க, நீ என்ன கார்ல இருந்து எடுக்கறே?”

விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப இது சக்கரம் வச்ச இன்வெர்ட்டரு” என்றார். 2012 இல் கோவையில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இன்வெர்ட்டருக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். அதற்குப் பிறகு வீட்டின் மின் நிர்வாகத்தை அவரே எடுத்துக்கொண்டார். எது எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை. முதல் நாள் இண்டக்‌ஷன் அடுப்பும் வெந்நீர் கெட்டிலும் சேர்த்துப் போட்டேன், 1.9 ஐத் தாண்டியதும் கார் டக்கென்று நிறுத்திக்கொண்டது. திட்டு எனக்கு. அடுப்பு ஓடும்போது வேறு எதுவும் கூடாது என்று சட்டம் வந்தது. இரண்டாம் நாள் கிரைண்டரே ஓடியது. புயலில், இருட்டில், காரிலிருந்து இட்லிக்கு அரைத்த குடும்பம் இந்த மலையில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

நாலு நாள் முடிந்தபோது 55 சதவீதம். அதாவது நாளுக்கு எட்டுச் சொச்சம். ஃப்ரிட்ஜும் குக்கரும் இவ்வளவு சாப்பிடாது. கரண்ட் தருகிற நேரமெல்லாம் கார் விழித்திருக்கிறது, அதற்கும் கொஞ்சம் போகிறது. அதனால் இப்போது விட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறேன். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை தாங்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஜெனரேட்டர். ராத்திரி முழுக்கக் கரும்பு அரவை மில் சத்தம். மூன்றாம் நாள் சத்தம் நின்றது, பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பங்க்கில் பம்பை ஓட்டுவதும் கரண்ட்தானே. கரண்ட் இல்லாவிட்டால் மின்கார் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அவருடைய ஃபோனும் ரேடியோவும் எங்கள் வயரில்தான் ஏறின.

முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தண்ணீர் கிணற்று மோட்டாரில் வருகிறது. அதற்கு 240 வோல்ட் வேண்டும். இங்கே காரிலிருந்து வருவது 120. ஆகவே கரண்ட் போனால் தண்ணீரும் போகும், பீப்பாயில் பிடித்து வைத்தாக வேண்டும். வீடு முழுக்க ஓட வேண்டும் என்றால் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மாதிரி 9.6 கிலோவாட் தருகிற வண்டியும், அதற்கான சுவர்ப் பெட்டியும் வேண்டும். செலவு வேறு ரகம். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் காரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது வெளியே கம்பியில் வேலை செய்கிறவரைக் கொல்லும்.

இன்னொரு சிக்கல், ஃப்ரிட்ஜுக்கும் தப்பி ஓடுவதற்கும் ஒரே பேட்டரி. எவ்வளவுக்குக் கீழே கொடுக்காதே என்று காரில் வைக்கலாம். மழைக்காலத்தில் நான் 20 சதவீதத்தில் வைக்கிறேன், தீக்குப் பயந்து ஓட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. செப்டம்பர், அக்டோபரில் 70. மாவு புளித்தால் புளிக்கட்டும்.

நெரிசலைப் பற்றிப் பலருக்குப் பயம். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பசிபிக் பாலிசேட்ஸில் ஜனங்கள் காரை நடுத்தெருவில் விட்டு ஓட, புல்டோசர் அவற்றைத் தள்ளிவிட்டதைப் பார்த்தோம். நின்ற இடத்தில் பேட்டரி தீர்ந்துவிடாதா என்கிறார்கள். போன கோடையில் விபத்து ஒன்றால் 17 ஆம் சாலையில் இரண்டு மணி நேரம் ஏசியோடு நின்றேன். பேட்டரியில் 3 சதவீதம்தான் இறங்கியது. நிற்கிற மின்கார் அதிகம் குடிக்காது. உள்காற்றை மட்டும் சுழற்ற விட்டால் புகையும் பெருமளவு தடுக்கப்படும்.

ஆனாலும் பெட்ரோல் வேனை நாங்கள் விற்கவில்லை. காருக்குக் குறை இல்லை. பொது சார்ஜர்களை, அதுவும் ஊரே ஒரே நேரத்தில் கிளம்புகிற நாளில், இன்னும் நம்ப மனமில்லை. காருக்கு ஐந்துக்கு நாலரை. சார்ஜர்களுக்கு இரண்டு, அதுவும் தாராளமாக.

கடைசியாக ஒன்று, கார் எதுவானாலும். கரண்ட் இல்லாதபோது கராஜ் கதவு தானாகத் திறக்காது. 2017 இல் வட கலிபோர்னியாவில் பரவிய தீயில் சில முதியவர்கள் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அதனால் 2019 ஜூலையிலிருந்து புது மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம். எங்களுடையது பழசு. மேலே ஒரு சிவப்புப் பிடி தொங்கும், அதை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்க வேண்டும். எனக்கே எம்பினால்தான் எட்டும். அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, அப்பாவின் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து அதில் முடிந்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது என் பத்து வயதுப் பெண்ணுக்கும் எட்டுகிறது.