தருமியா, செல்லப்பாவா?

நாகேஷின் நடிப்பில் எது உசத்தி என்று கேட்டால் என் ஓட்டு தருமிக்குத்தான். மனசு சரியில்லாத நாளில் தேடிப் போய்ப் பார்ப்பது மட்டும் செல்லப்பாவை. இரண்டும் அடுத்தடுத்த வருடங்களில் வந்தவை: செல்லப்பா 1964-இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், தருமி 1965-இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படத்தில்.

செல்லப்பா பணக்கார வீட்டுப் பிள்ளை. சினிமா எடுக்கிறேன் என்று அப்பாவிடம் காசு கேட்டு நச்சரிப்பவன். அந்த அப்பாவாக வரும் பாலையாவுக்கு அவன் திகில் கதை சொல்லும் காட்சி தெரியாதவர் உண்டா? பின்னணி ஓசையைக்கூட வாயாலேயே கொடுத்துவிடுகிறார் நாகேஷ். ஆனால் சிரிப்பில் பாதியைப் பாலையாவின் முகம் வாங்கிக்கொள்கிறது. அவர் வெலவெலத்துப் போவதைப் பார்க்கத்தானே அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம்!

தருமி கதை வேறு. அவன் ஏழைப் புலவன். பாண்டிய மன்னனின் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கான பரிசு ஆயிரம் பொன் கைக்கு எட்டாதே என்று மண்டபத்தில் புலம்பும்போது எதிரில் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது. சொக்கனிடம் கெஞ்சல், கோபம், தனக்குத்தானே சமாதானம், எல்லாம் மாறி மாறி வருகின்றன. அந்த ஒல்லி உடம்பு ஒரு நொடி கூனிக் குறுகுகிறது, மறுநொடி வீறாப்பாக நிமிர்கிறது. அப்புறம் சிவனாகச் சிவாஜி வந்து பாட்டு எழுதித் தருகிறார். அவர் கம்பீரமாக நிற்க நிற்க, இவர் இன்னும் வளைந்து குழைகிறார்; யாரும் யாரையும் மறைக்கவில்லை. சபையில் அந்தப் பாட்டில் நக்கீரர் குற்றம் சொன்னதும் அந்த முகம் விழுவதைப் பாருங்கள், சிரிப்போடு பாவமாகவும் இருக்கும். செல்லப்பாவிடம் அது கிடையாது. படம் எடுக்க முடியாவிட்டாலும் அவனுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லையே.