கில்குட்டா, ஒலிவியேவா?

இருவரும் இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஆங்கிலேய நடிகர்கள். 1935-இல் லண்டன் நியூ தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகம். இயக்கியவர் ஜான் கில்குட். ரோமியோ, அவனுடைய நண்பன் மெர்க்யூஷியோ ஆகிய வேடங்களை அவரும் லாரன்ஸ் ஒலிவியேவும் மாற்றி மாற்றி நடித்தார்கள். இருவரையும் ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. கில்குட் ஷேக்ஸ்பியர் வரிகளைச் சங்கீதம் போலச் சொன்னார். ஒலிவியே அவற்றைப் பேச்சாக்கி, உடம்பால் காதலித்தார். அவருக்குக் கவிதை சொல்ல வரவில்லை என்று விமர்சகர்கள் கடிந்தார்கள். எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

ஒலிவியே ஒரு வேடத்துக்குள் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு 1945-இல் அவர் நடித்த கிரேக்க நாடக மன்னன் ஈடிபஸ் சாட்சி. தந்தையைக் கொன்று தாயை மணந்தது தான்தான் என்ற உண்மை தெரிந்ததும் ஈடிபஸ் அலற வேண்டும். பனிக்கட்டியில் தூவிய உப்பை நக்கப்போய், நாக்கு ஒட்டிக்கொண்டு தவிக்கும் கீரி போன்ற ஒரு சிறு பிராணியை மனத்தில் வைத்துத்தான் அந்த அலறலை எழுப்பினாராம். அரங்கமே உறைந்துபோனது.

கில்குட்டிடம் இந்த வேகம் இல்லை. அவருடைய சொத்து குரல். 1994-இல், 90 வயதில், பிபிசி வானொலிக்காக ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக நடித்தார். முகமே தெரியாத ஊடகம், குரல் மட்டும் போதுமாக இருந்தது. காந்தி படத்தில் இர்வின் பிரபுவாக வந்தவரும் இவர்தான்.

நிர்வாகம் என்று பார்த்தால் ஒலிவியே பக்கம்தான் கனம்: 1963-இல் தொடங்கிய பிரிட்டனின் நேஷனல் தியேட்டரைப் பத்தாண்டுகள் நடத்தினார். சரி, எனக்கு யார்? பார்க்க ஒலிவியே. ஆனால் ஷேக்ஸ்பியரைக் கேட்க வேண்டுமென்றால் கில்குட்தான்.