கேசட்டா, சிடியா? மதுரை வெயிலில் பழைய கேம் சேர்ப்பது

பழைய வீடியோ கேம் சேர்க்கிறேன் என்றால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதுக்கெல்லாம் அம்புட்டு விலையா?" அம்புட்டுத்தான். 2021 ஜூலையில் அமெரிக்காவில் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15,60,000 டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் பதினோரு கோடிக்கு மேல். 25 வருஷமாக யார் கையும் படாத அந்த உறைக்குத்தான் அவ்வளவு காசு. அந்தப் பணக்கார விளையாட்டை விட்டுவிடலாம். நான் வாங்கினால் போட்டு ஆடுவேன். போன வருஷம் கையில் 25,000 ரூபாய் சேர்ந்தபோது இரண்டு வழி இருந்தது: நிண்டெண்டோ கேசட்டா (நாடா இல்லை, மெஷினில் செருகுகிற சிப் டப்பா), முதல் பிளேஸ்டேஷன் சிடியா. கேசட் பக்கம் போனேன்.

சிடிக்கு உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியானது, தபால் செலவு குறைவு, குரலும் பாட்டும் படமும் நிறைய. முதல் பிளேஸ்டேஷனின் ஒரிஜினல் சிடிக்கு அடிப்பக்கம் கறுப்பு. வெள்ளியாக மின்னினால் அது அந்தக் காலத்தில் நம்மூரில் பிளாட்பாரத்தில் குவித்து விற்ற காப்பி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். (கறுப்பிலும் போலி உண்டு. கறுப்பாக இருந்தாலே ஒரிஜினல் என்று நம்பிவிடாதீர்கள்.) 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு இந்தியாவில் செய்து வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, ‘தேசி அட்டா’ மாதிரி நம்மூர்ச் சரக்கைச் சேர்க்க ஆசைப்பட்டாலும் தட்டுப் பக்கம்தான் போகணும்.

ஆனால் விலை, அழகு, அரிது எல்லாவற்றையும் அடித்துப்போடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பராமரிப்பு. மதுரையில் அதற்குப் பெயர் வெயில்.

அதற்கு முன்னால், முதலில் நான் வாங்கியது சிடிதான். நாலு சிடியை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு மொட்டைமாடி அறையில் இரும்பு பீரோவுக்குள் வைத்தேன். சித்திரையில் 40 டிகிரி என்றால் அந்த பீரோவுக்குள் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆடியில் எடுத்தால் ஒன்றின் படம் போட்ட பக்கம் கவரோடு ஒட்டியிருந்தது. பிய்த்தேன். படம் கவரோடு வந்தது, கூடவே அலுமினியப் பூச்சும் வந்தது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் பொட்டுப் பொட்டாய் வெளிச்சம். சிடியில் தகவல் படம் போட்ட பக்கத்துக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலையாவது தேய்த்து எடுக்கலாம், மேல்பூச்சு போனால் போனதுதான். எந்த மெக்கானிக்காலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. போதாக்குறைக்கு மெஷினில் சுற்றுகிற மோட்டார், லென்ஸ் என்று தேய்கிற சாமான் வேறு.

கேசட்டுக்குள் சுற்றுகிறது என்று ஒன்றும் கிடையாது. கேம் முழுக்க ஒரு ரோம் சிப்பில் இருக்கிறது. கெடுவது பெரும்பாலும் கால்கள்தான், அதாவது மெஷினுக்குள் போகிற அந்தத் தகட்டுப் பற்கள். சின்ன வயதில் எல்லோரும் ஊதித்தானே போட்டோம்? அந்த எச்சில் ஈரம்தான் பற்களைக் கறுக்க வைக்கும். பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு நாலு தேய் தேய்த்தால் பஞ்சு கரியாகிவிடும், கேம் ஓடும்.

இன்னொன்று பேட்டரி. ஆட்டத்தைச் சேமிக்கிற கேசட்டில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். என்னிடம் இருக்கும் ஜப்பானிய ‘போகிமான் கோல்டு’ (கேம்பாய் என்ற கையடக்க நிண்டெண்டோ மெஷினுக்கானது) 1999-இல் வந்தது. இரவு பகல் காட்ட உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் இதில் பேட்டரி சீக்கிரம் தீரும். தீர்ந்துதான் வந்தது. டவுன்ஹால் ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, "இதுக்காண்டியா தம்பி இம்புட்டு தூரம் வந்த? ரிமோட்டு வேலைல பாதி கூட இல்லையே" என்றார். சூடு வைத்து, பழையதை எடுத்து, கால் வைத்த சிஆர் 2025 பற்றவைக்கப் பத்து நிமிஷம். பேட்டரியோடு சேர்த்து 150 ரூபாய்.

இன்னொரு சௌகரியம் பலருக்குத் தெரியாது. நம் வீட்டுப் பரண்களில் தூங்கும் பழைய டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபாமிகாம் என்ற ஜப்பானிய நிண்டெண்டோ மெஷினின் நகல்கள். 60 பின் கேசட் போடுகிற துவாரம்தான் இருக்கும். ஜப்பான் ஒரிஜினல் கேசட் அதில் நேரே உட்காரும். அமெரிக்கக் கேசட் 72 பின், உட்காராது. கேம்பாயில் அந்த நாட்டுப் பிரச்சினையே இல்லை. பிளேஸ்டேஷனில் சிப் அடிக்காத (பூட்டை ஏமாற்றும் சிப் உள்ளே பற்றவைக்காத) மெஷின் என்றால் வேறு பிராந்தியத்துச் சிடியைத் தொடாது.

விற்கும்போதும் இதுதான் கதை. பேட்டரி போன கேசட்டை "பேட்டரி மாத்தணும்" என்று சொல்லியே விற்கலாம், வாங்குகிறவர் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். பூச்சு போன சிடியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள்.

கேசட்டில் தலைவலி போலி. அதுவும் போகிமானில் நிறைய. லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரிஜினலில் இரண்டு இலக்க எண் ஒன்று மெலிதாக அழுந்தியிருக்கும். ஒருமுறை இதைப் பார்க்காமல் 1,800 ரூபாயைத் தொலைத்தேன். அட்டைப்பெட்டியோடு வாங்கினால் விலை மூன்று நாலு மடங்கு, அந்த அட்டையை இராமபாணப் பூச்சி தின்னாமல் காப்பது தனி வேலை. நான் பெட்டி வாங்குவதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கீழ்வீட்டில், ஏசி அறையில், கெட்டியான டப்பாவில் நிமிர்த்தி வைத்த என் மற்ற மூன்று சிடிகளும் இன்றுவரை ஓடுகின்றன. ஆனால் அப்படி வைத்து ஒரே ஒரு கோடைதான் தாண்டியிருக்கிறது. அதை வைத்துச் சிடி நிற்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கடைசியாக வந்த கேசட் 1996-இன் ‘போகிமான் ரெட்’. போட்டவுடன் பழைய ஆட்டம் அப்படியே இருந்தது. ஜப்பானிய எழுத்தில் நாலெழுத்துப் பெயர், 61 மணி நேரம் ஆடியிருக்கிறான். பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் அழிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்கிற ரீடர் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். மெக்கானிக் அண்ணன் நேற்றுகூடக் கேட்டார், "எப்ப தம்பி கொண்டாற?" ரீடர் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.