ஆர்பிஜி கடவுள்கள்: பல வருஷம் ஆடிப் பார்த்ததில்

ஆர்பிஜி என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அவற்றில் ஒன்றான டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில் (2014) கிளெரிக் எடுப்பவர், அதாவது கடவுளிடமிருந்து மந்திர சக்தி பெறும் பூசாரிப் பாத்திரத்தை ஆடுபவர், முதலில் டொமைனைத்தான் (அந்தக் கடவுளின் துறையை) பார்ப்பார். லைஃப் (உயிர்), வார் (போர்), டெம்பெஸ்ட் (புயல்) என்று விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஏழு உண்டு. எதில் மந்திரங்கள் தோதாக இருக்கின்றனவோ அதை எடுத்துக்கொண்டு, புத்தகத்தின் பின்பக்கப் பட்டியலில் அதற்கு நேரே இருக்கும் ஏதோ ஒரு பெயரை ஷீட்டில் (பாத்திரத்தின் விவரத் தாளில்) எழுதிவிடுவார். நாலு செஷன் (ஆட்ட அமர்வு) கழித்து "உங்க சாமி பேரு என்ன?" என்று கேட்டால் ஷீட்டைத் தேடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடவுள் அவரிடம் எதையுமே கேட்கவில்லையே.

ஆட்டக்காரனாகவும் கதையை நடத்தும் கேம் மாஸ்டராகவும் பல சிஸ்டங்களில் பல கடவுள்களோடு குப்பை கொட்டியாயிற்று. இப்போதெல்லாம் ஒரு புதிய பேந்தியன் (கடவுள்களின் கூட்டம்) கைக்கு வந்தால், இந்தச் சாமி பக்தனை என்ன செய்யச் சொல்கிறது, எதைச் செய்யாதே என்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். படைப்புக் கதை, குடும்ப மரமெல்லாம் அப்புறம்.

பழைய புத்தகங்களில் இதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். 1980-இல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற டி அண்ட் டி புத்தகத்தில் கிரேக்கக் கடவுள் ஜீயஸுக்கு 400 ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு. இந்திரன், ஓடின் எல்லாருக்கும் இதே மாதிரி எண்கள் உண்டு. எண் போட்டுவிட்டால் ஆட்டக்காரர்கள் அடிக்கத்தான் பார்ப்பார்கள். படிக்க அருமையான புத்தகம், மேசையில் நான் அதிகம் திறந்ததில்லை. 1996-இல் ஃபர்காட்டன் ரியல்ம்ஸ் என்ற டி அண்ட் டி கற்பனை உலகத்துக்காக வந்த ஃபெய்த்ஸ் அண்ட் அவதார்ஸ் வேறு ரகம். பூசாரி என்ன உடுத்துவார், அன்றாடம் என்ன செய்வார், எப்போது திருவிழா என்று ஒவ்வொரு கடவுளுக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். கேம் மாஸ்டருக்குப் புதையல்தான், ஆனால் ஆட்டக்காரரிடம் நீட்டினால் அவ்வளவு பெயரைப் பார்த்தே மிரண்டுபோவார்.

என் மேசையில் நிலைமை மாறியது டி அண்ட் டி போன்ற இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு (2019) வந்த பிறகு. அதில் ஒவ்வொரு கடவுளுக்கும் எடிக்ட், அனாதிமா என்று சில வரிகள். முதலாவது பக்தர் செய்ய வேண்டியது, இரண்டாவது செய்யக் கூடாதது. சாரன்ரே என்ற தெய்வத்தை வணங்கும் கிளெரிக் பொய் சொல்லக் கூடாது. திருந்த வருபவருக்கு வாய்ப்பை மறுக்கவும் கூடாது. தொடர்ந்து மீறினால் மந்திர சக்தி போய்விடும்.

எங்கள் குழு ஒரு கோட்டைக்குள் துணி வியாபாரிகள் வேஷத்தில் நுழையப் பார்த்தது. ரோக் (தந்திரக்காரத் திருடன் பாத்திரம்) வாய் ஓயாமல் கதை அளந்துகொண்டிருந்தான். காவலன் கிளெரிக் பக்கம் திரும்பி, "அம்மா, இவர் சொல்றது நிஜமா?" என்றான். கிளெரிக் ஆடியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க இங்க யாருக்கும் கெடுதல் செய்ய வரல" என்றார். அது உண்மைதான், கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை. காவலன் சந்தேகத்தோடு உள்ளே விட்டான். பிறகு ஒரு கொள்ளைக்காரன் அழுதுகொண்டே சரணடைந்தபோது அவனையும் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. முடிவில் அவன்தான் எல்லாருக்கும் பிடித்த என்பிசி (கேம் மாஸ்டர் ஆடும் துணைப் பாத்திரம்). இத்தனைக்கும் காரணம் ஷீட்டில் இருந்த இரண்டு வரி.

எல்லாக் கடவுளும் இப்படி அமைவதில்லை. அதே ஆட்டத்தின் போர்க்கடவுள் கோரமுக்கு, பேச்சுவார்த்தையால் சண்டையைத் தடுப்பதே அனாதிமா. அவருடைய பக்தர் ஒருவர் குழுவில் இருந்தால் தூது போகும் காட்சி ஒவ்வொன்றும் இழுபறிதான். 2024-இல் வார் ஆஃப் இம்மார்ட்டல்ஸ் புத்தகத்தோடு கோரம் செத்தே போனார். எங்கள் கேம்பெயினில் (பல செஷன்களாகத் தொடரும் கதையில்) அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், பக்தரின் பிடிவாதம்.

டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் என்ற ஆட்டத்தில் இதையே பகடை பார்த்துக்கொள்கிறது. மந்திரத்துக்கு உருட்டும்போது 1 விழுந்தால் கடவுளுக்குக் கோபம், மந்திரம் தோற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோபம் விழும் எல்லையும் (1, பிறகு 1-2 என்று) அன்று முழுக்க ஏறிக்கொண்டே போகும். காணிக்கை கொடுத்துத் தணிக்கலாம். சிரிக்கச் சிரிக்க ஆடலாம், ஆனால் நீண்ட கேம்பெயினுக்குக் கொஞ்சம் சலிக்கிறது.

எனக்கு அதிகம் பிடித்தது ரூன்குவெஸ்ட். 1978-இல் வந்த ஆட்டம் அது, அடுத்த வருஷமே அதன் கடவுள்களைப் பற்றிய கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ் புத்தகம் வந்துவிட்டது. கிளெரிக் என்று தனிப் பாத்திர வகையே கிடையாது, எல்லாருக்கும் ஏதாவது ஒரு கல்ட் (ஒரு கடவுளின் பக்தர் குழு) இருக்கும். கடவுளின் மந்திரம் வேண்டுமென்றால் பவர் (ஆன்ம பலம்) புள்ளியை நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும், போனது போனதுதான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு. மரணத்தின் கடவுளான ஹூமக்ட்டின் வீரனுக்கு வாள் வரம் கிடைக்கும், ஒவ்வொரு வரத்தோடும் ஒரு விரதம் ஒட்டிக்கொண்டு வரும். செத்தால் அவனை உயிர்ப்பிக்கவும் முடியாது. இது தெரிந்தும் என் நண்பர் ஹூமக்ட்டைத்தான் எடுத்தார். அவர் ஆள் காயம்பட்ட ஒவ்வொரு முறையும் மேசையே அமைதியாகிவிடும். வேறு எந்த ஆட்டத்திலும் நான் அந்தப் பதற்றத்தைப் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிர் 2004-இல் வந்த எபரான் என்ற டி அண்ட் டி உலகம். அங்கே கடவுள் இருக்கிறாரா என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது, நேரில் வரவும் மாட்டார். ஊழல் பிடித்த பூசாரிக்கும் மந்திரம் பலிக்கும். துப்பறியும் கதைக்கு இதைவிட வசதியான உலகம் இல்லை. ஆனால் பக்தியை மையமாக வைத்து ஆட விரும்புபவருக்குக் கேம் மாஸ்டர்தான் கட்டளைகளை எழுதித் தர வேண்டும். நான் எந்த உலகமானாலும் ஐந்தாறு கடவுளோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு கடவுளுக்கும் இரண்டு "செய்", இரண்டு "செய்யாதே" எழுதி அட்டையாக ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன். "செய்யாதே" வரிகளை எழுதும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன்: சாதாரணமான ஒரு செஷனில் ஒரு தடவையாவது அது குறுக்கே வர வேண்டும். வராது என்று தோன்றினால் அந்த வரியை அடித்துவிடுவேன்.