சுறாவைப் படம்பிடிக்க: ஸ்கூபாவா, ரீபிரீதரா?

கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவருகே சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். அவற்றைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர் கேமராவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது மூச்சுக் கருவியை.

முதுகிலுள்ள காற்றுத் தொட்டியிலிருந்து மூச்சிழுக்கும் சாதாரண ஸ்கூபாவில் விடும் மூச்செல்லாம் குமிழிகளாகச் சலசலத்து மேலே போகும். கொம்பனுக்கு அந்தச் சத்தம் ஆகாது, நழுவிவிடும். மற்றபடி எளிது, வாடகைக்கும் கிடைக்கும்.

ரீபிரீதர் வெளிமூச்சை வீணாக்காது. அதிலுள்ள கரியமில வாயுவை ரசாயனத் துகள்கள் உறிஞ்சிக்கொள்ள, செலவான ஆக்சிஜனை மட்டும் கருவி சேர்த்துத் தரும். குமிழி கிடையாது என்றே சொல்லலாம். நெடுநேரம் அடியில் இருக்கலாம், சுறாவும் தன்பாட்டுக்கு அருகில் வரும். சரி, விலையும் பயிற்சியும்? இரண்டுமே அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு எச்சரிக்காது, நேரே மயக்கம்தான். சுறாக்களைக் காப்பாற்றவே படமெடுத்த கனடாக்காரர் ராப் ஸ்டூவர்ட் 2017 ஜனவரியில் ஃபுளோரிடா கடலில் இறந்தது, ரீபிரீதருடன் ஆழத்துக்குப் போய் மேலே வந்த பிறகுதான்.

முதல் படம், சின்னக் குழு என்றால் நான் ஸ்கூபாவையே சொல்வேன். புலிச் சுறா குமிழியைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, அதிலிருந்து தொடங்கலாமே.