பிங்கா, ட்ரேஸ்ரூட்டா?

திருகோணமலை அலுவலகமொன்றிலிருந்து சிங்கப்பூரில் இயங்கும் சேவையகத்தை அடைய முடியாதபோது, பலரும் முதலில் நாடுவது பிங் கட்டளையையே. மறுமொழி வருகிறதா, எத்தனை மில்லிசெக்கன் எடுக்கிறது என்பதை அது உடனே சொல்லும். பழுது எங்கே என்பதைச் சொல்லாது.

ட்ரேஸ்ரூட் கட்டளையோ, தான் அனுப்பும் பொதியின் (சிறு தரவுத் துண்டின்) ஆயுள் எண்ணை, அதாவது அது எத்தனை ரவுட்டர்கள் வரை செல்லலாம் என்ற வரம்பை (TTL), 1, 2, 3 என உயர்த்திக்கொண்டே போய், வழியிலுள்ள ரவுட்டர்களை ஒவ்வொன்றாக மறுமொழி தரவைப்பதால், தடை நம் அலுவலக ரவுட்டரிலா, இணையச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பிலா, அதற்கும் அப்பாலா என்று ஊகிக்க உதவுகிறது. முறையிடச் செல்பவரின் கையில் இதன் வெளியீடே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில ரவுட்டர்கள் பதிலளிக்காதவாறே அமைக்கப்பட்டிருப்பதால், இடையில் தோன்றும் நட்சத்திரக் குறிகளை மட்டும் பழுதெனக் கொள்ளலாகாது.

பிங் தோற்றாலும் சேவையகத்தின் 443ஆம் போர்ட் (பாதுகாப்பான இணையதளத் தொடர்புக்கான, HTTPS, இணைப்பு வாயில்) திறந்திருக்கலாம்; அதைத் தனியே சோதிக்க வேண்டும்.