போட்டுப் பார்க்கும் முன்பே வேண்டாம் என்று சொன்ன ஹோல்ஸ்டர்

மதுரையில் நான் தோட்டா வாங்கும் கடைக்காரர் ஒரு புது ஹோல்ஸ்டரின், அதாவது துப்பாக்கியை இடுப்பில் செருகிவைக்கும் உறையின், படங்களையும் வீடியோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பின்னாலேயே ஒரு மாதிரியையும் பார்சலில் போட்டுவிட்டார். "பாய், கொஞ்ச நாள் இடுப்புல போட்டுப் பாருங்க. நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் ஸ்டாக் எடுப்பேன்" என்றார். நான் போடவில்லை. மேசையில் வைத்துப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் மனத்தாங்கல். "போட்டே பாக்காம எப்படி பாய் குறை சொல்றீங்க?" என்றார். அவருக்குப் போனில் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. சரக்கு இன்னும் கடைக்கு வரவில்லை, திருத்தினாலும் திருத்துவார்கள்.

செருப்பு கடித்தால் கழற்றி எறிந்துவிடலாம். ஹோல்ஸ்டர் கடித்தால் தொடையில் ஓட்டை. உறுத்துகிறதா, வேர்க்கிறதா, சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரிகிறதா என்பதெல்லாம் உடம்பு சொல்ல வேண்டிய பதில். அதற்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ட்ரிகர் மூடியிருக்கிறதா, துப்பாக்கி தானாக வெளியே வருமா, இழுக்கும்போது விரல் எங்கே போகிறது என்பதற்குக் கண்ணும் கையும் காலித் துப்பாக்கியும் போதும். இதில் தேறாத ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நான் யார் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பெரியபட்டினம். நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொடுக்கிற தொழில். விடியலில் மண்டபம், பாம்பன், சில நாள் தொண்டி வரை வண்டி போகும். இப்போது எல்லாம் போனிலேயே பணம் அனுப்பலாம் என்பார்கள். கரையில் வந்து பாருங்கள், வத்தை என்கிற நாட்டுப்படகு வைத்திருப்பவர் ரொக்கம்தான் கேட்பார். லைசென்ஸ் வாங்கியது அதற்காக. கையில் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர், ஆறு தோட்டா, மூன்று அங்குலக் குழல். உடுப்பு கைலி, அரைக்கைச் சட்டை, இடுப்பில் பச்சை பெல்ட். கடைசியில் சொன்ன பெல்ட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் பாதிச் சங்கதி இருக்கிறது.

மறைத்துக் கொண்டுபோவது சினிமா ஸ்டைலுக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் உடம்போடு சேர்ந்த ஹோல்ஸ்டரிலோ பையிலோ இருக்க வேண்டும், முழுக்க மூடியும் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டக் கூடாது. ஆக நம் ஊரில் மறைப்பது ஆசை இல்லை, கடமை. நல்ல ஹோல்ஸ்டர் தேடுவதும் அதனால்தான்.

இனி சரக்குக்கு வருகிறேன். கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்த உடல். இடுப்புத் துணிக்கு உள்பக்கம் செருகுகிற வகை. உடம்பில் படும் பக்கம் மெல்லிய தோல். ஒற்றை ஸ்டீல் கிளிப். அடியில் ஸ்பாஞ்ச் ஆப்பு, அது குழலை வெளியே தள்ளி பிடியை வயிற்றோடு அணைக்கும். வெளிப்பக்கம் ஒரு பட்டன். ஆட்காட்டி விரலால் அழுத்தினால்தான் துப்பாக்கி விடும். இந்தப் பட்டன்தான் புதுமையாம், வீடியோவில் பாதி நேரம் அதைத்தான் காட்டுகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உடலைச் செய்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. ட்ரிகர் வளையம் இருபுறமும் முழுக்க மூடியிருக்கிறது. சுண்டுவிரல் நுழைய இடமில்லை. துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சப்பையாக ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே நிற்கிறது. இது பெரிய விஷயம். மெத்தென்ற துணி உறைகளில் வாய் மூடிக்கொள்ளும், திரும்பச் செருகும்போது துணி மடிப்பு ட்ரிகருக்குள் போகும். மேலே நீட்டிய வேர்வைத் தடுப்பு ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை, மூடாமல் ஒதுங்கி நிற்கிறது. ரிவால்வரைச் செருகும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொள்வது பழக்கம். உள்ளே ஏதாவது ட்ரிகரில் மாட்டினால் ஹேமர் எழும்புவது விரலுக்கே தெரிந்துவிடும். அதற்கு இங்கே இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் கான்பூர் ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கிற சாதி, அதைத் திறக்கும் நெம்பு தோட்டா வைக்கும் சிலிண்டருக்குப் பின்னால் இடப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். உரசுகிற ஹோல்ஸ்டரில் இழுத்தால் அந்த நெம்பு நகரலாம். இங்கே அந்த இடத்தில் பள்ளம் வார்த்திருக்கிறார்கள். யாரோ இந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் வார்த்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகவே இருந்தது.

பிடிமானமும் மோசமில்லை. காலி ரிவால்வரை உள்ளே வைத்து மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன், விழவில்லை. பட்டனின் தயவில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி உலுக்கினேன். அப்போதும் நின்றது. ரப்பர் வாஷர் போட்ட ஒரு ஸ்குரூவின் இறுக்கமே போதுமானதாக இருக்கிறது. அப்புறம் பட்டன் எதற்கு?

இங்கேதான் கோளாறு. பட்டன் இருக்கும் இடம் ட்ரிகருக்கு நேர் வெளியே, பிளாஸ்டிக் சுவரின் மேல். ஆட்காட்டி விரல் உள்நோக்கி அழுத்துகிறது, அதே நேரத்தில் கை மேல்நோக்கி இழுக்கிறது. துப்பாக்கி மேலே வர வர விரலுக்கு எதிரே இருந்த சுவர் முடிகிறது. அழுத்துகிற விசையோடு இருக்கிற விரல் சுவர் முடிந்த இடத்தில் உள்ளே போகிறது. உள்ளே இருப்பது ட்ரிகர். விரலை நீட்டிவைத்து அதன் வயிற்றுப் பகுதியால் அழுத்தினால் ஆபத்தில்லை என்று வீடியோவில் சொல்கிறார்கள். சாவகாசமாகச் செய்தால் உண்மைதான். அவசரத்தில் எந்த மனுஷனும் பட்டனை விரல் நுனியால்தான் குத்துவான், லிஃப்ட் பட்டனையே அப்படித்தான் அழுத்துகிறோம்.

சந்தேகமாகவே விட மனசில்லை. ஐஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பில் ஹோல்ஸ்டரை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். தோட்டாக்கள் வண்டியில், சிலிண்டரின் ஆறு துளையும் காலி என்று நானும் டிரைவரும் பார்த்துக்கொண்டோம், குழலுக்கு எதிரே மணல் மூட்டை. டிரைவர் போனில் ஸ்லோமோஷன் எடுத்தான். மெதுவாக இழுத்தபோது விரல் நேராக ஃபிரேம் மேல் படுத்தது. அவன் கை தட்டினால் இழுப்பது என்று வைத்துக்கொண்டு இழுத்தபோது, குழல் இன்னும் பாதி உள்ளே இருக்கையிலேயே நகம் ட்ரிகர் வளையத்துக்குள் தெரிந்தது. "காக்கா, விரலு உள்ள போயிருச்சு" என்று போனை நீட்டினான் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்). அப்போது குழல் பார்க்கிற திசையில், போட்டிருந்தால், என் தொடை இருந்திருக்கும். ரிவால்வர் ட்ரிகரை ஹேமர் எழும்பும்வரை நீளமாக, பலமாக இழுக்க வேண்டும் என்பதால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. பிஸ்டலுக்கும் இதே பட்டனோடு வரப் போகிறதாம். அங்கே அந்தச் சலுகை பல மாடல்களில் கிடையாது.

மணல் வேறு. தனுஷ்கோடிப் பக்கம் காற்று அடிக்கிற மாதத்தில் சட்டைப்பை, காது, சோற்றுப் பொட்டலம் எதிலும் மணல் இல்லாமல் இருக்காது. ஒரு சிட்டிகை கடற்கரை மணலைப் பட்டனைச் சுற்றித் தூவினேன். பட்டன் அழுந்தியது, உள்ளே துப்பாக்கியைப் பூட்டும் நாக்கு விலகவில்லை. மேசையில் தட்டிய பிறகுதான் விட்டது. பட்டனுக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் சாதாரண ஸ்டீல் மாதிரிதான் தெரிகிறது. கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும் அரிப்பு ஒரு காரணம். இந்தக் காற்றில் அரிசி மணி அளவு ஸ்பிரிங்கை நம்பச் சொல்கிறார்கள்.

அடுத்தது கிளிப். வீடியோவில் வருபவர் ஜீன்ஸ் போட்டிருக்கிறார், ஒன்றரை அங்குலத் தோல் பெல்ட். கிளிப்பின் வாயும் அதே அளவு. நம் பச்சை பெல்ட் நாலு விரல் அகலம். கிளிப் அதன் அடி விளிம்பை எட்டாது, நடுத்துணியைக் கவ்விக்கொண்டு நிற்கும். கைலியில் மாட்டலாமே என்றால், கைலிக்கு லூப்பும் கிடையாது, விறைப்பும் கிடையாது. இழுத்தால் துப்பாக்கியோடு ஹோல்ஸ்டரும் சேர்ந்து கையில் வரும். ஆபத்தில் நிற்கிறவன் கையில் உறை போட்ட துப்பாக்கி! கிளாம்ப் போட்ட மேசையில் இது தெரியாது என்பதால் பெல்ட்டையே மேசைக் காலில் சுற்றி இறுக்கி, கிளிப்பை மாட்டி இழுத்தேன். ஹோல்ஸ்டர் துப்பாக்கியை விடாமல் கூடவே வந்தது. பேன்ட் போடாதவர்கள் இங்கே எத்தனை பேர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று வடக்கே உட்கார்ந்து இதைச் செய்கிறவருக்கு யார் சொல்வது?

உட்காருவதும் அப்படித்தான். வீடியோவில் அவர் கார் சீட்டில் உட்கார்ந்து காட்டுகிறார், நாற்காலியில் உட்கார்ந்து காட்டுகிறார். ஏலக் கூடத்தில் நாற்காலி ஏது? தராசுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து நண்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும், ஒரு நாளில் எத்தனை முறை என்று கணக்கில்லை. இந்த ஹோல்ஸ்டரை அவர்கள் வைக்கச் சொல்வது தொப்புளுக்கு வலப்பக்கம், வயிற்றுக்கு முன்னால். குத்தவைத்தால் முழங்கால் மேலே வரும், தொடை வயிற்றில் அமுங்கும், குழல் நேராகத் தொடைக்கும் கவட்டைக்கும் நடுவில் பார்க்கும். அங்கே ஓடுகிற ரத்தக் குழாய் பெரியது, அதில் பட்டால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரை தாங்காது. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர் வேண்டுமானால் முன்பக்கம் வைக்கட்டும். நான் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பவன். மாதிரியில் கிளிப் நட்டுகளைக் கழற்றிச் சாய்வை மாற்றலாம். ஆனால் ஸ்பாஞ்ச் ஆப்பு முன்வயிற்றுக்கென்றே வடித்தது. பின்பக்கம் வைத்தால் அது எலும்பில் ஏறும் என்று கையால் தடவிப் பார்த்தாலே தெரிகிறது.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. உள்பக்கம் ஒட்டியிருப்பது குரோமிய உப்புகளில் பதப்படுத்திய தோல், நீல சாம்பல் வெட்டுமுகம் காட்டிக்கொடுக்கிறது. அந்த உப்புகள் ஈரத்தில் இரும்பைத் தின்னும். எனக்கு மதுரையில் தைத்துக் கொடுத்த பழைய உறை ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய திண்டுக்கல் தோல், கனம், கோடையில் நாற்றமும் அடிக்கும், இருந்தாலும் ரிவால்வரில் துருப்புள்ளி வைத்ததில்லை. எந்தத் தோலாக இருந்தாலும் ராத்திரி துப்பாக்கியை உறைக்குள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. துடைத்து எண்ணெய் போட்டு லாக்கரில் வையுங்கள், உறையைத் தனியே காற்றாடப் போடுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகும்போதும் துப்பாக்கி லாக்கரில்தான். அதற்கு எந்தக் கம்பெனியும் ஹோல்ஸ்டர் செய்ய வேண்டியதில்லை.

விலை நாலாயிரத்துச் சொச்சம் சொல்கிறார்கள். உடலுக்கு மட்டும் கேட்டால் தகும்.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் சொன்னேன். பட்டனை எடுத்துவிடுங்கள், ஸ்குரூ இறுக்கமே போதும். வேண்டுமென்றால் ஹேமருக்கு மேல் கட்டைவிரலால் தட்டிவிடுகிற தோல் வார் வையுங்கள், அந்த விரலுக்கு ட்ரிகர் பக்கம் வேலையில்லை. கிளிப்புக்குப் பதில் நாலு விரல் பெல்ட் நுழைகிற இரண்டு வளையங்கள். ஆப்பைக் கழற்றி மாட்டுகிற மாதிரி. அவர் கம்பெனியில் பேசிவிட்டு வந்தார். "பட்டன் இல்லேன்னா இதுல என்ன புதுசுன்னு கேக்குறாங்க பாய்" என்றார். நெம்புக்குப் பள்ளம் வார்த்தது புதுசுதான், நாட்டில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை, அதைச் சொல்லி விற்கச் சொல்லுங்கள் என்றேன்.

பேன்ட், தோல் பெல்ட், ஆபீஸ் நாற்காலி என்று இருப்பவர்களுக்குக் கிளிப்பைப் பற்றி நான் சொன்னது பொருந்தாது. பட்டனைப் பற்றிச் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வளையம் வைத்து, பட்டன் இல்லாமல் வந்தால் மறுபடி மேசையில் வைத்துப் பார்ப்பேன், அதில் தேறினால் இடுப்பில் போட்டு எழுதுகிறேன்.